இரண்டு கொப்பிகள் (6): நிலக்கரி ஊரின் இரண்டு பிள்ளைகள்

நெஞ்சுக் கிளினிக்குக்கு ஒரு கொப்பி, இருதயக் கிளினிக்குக்கு இன்னொன்று என்று ஒரே ஆள் ஏன் இரண்டு வரிசையில் நிற்கிறார் என்பதைப் போன கிழமை பார்த்தோம். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடி எடுங்கள். இந்தக் கிழமை கால்வீக்கம் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் இரண்டு மனிதர்கள் குறுக்கே வந்துவிட்டார்கள்.

1924 பெப்ரவரியில் ஸ்கொட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் ஒரு சுரங்கத் தொழிலாளிக்குக் கடைக்குட்டியாகப் பிறந்தவர் டேவிட் ஜாக். அதே வருடம் ஜூனில் பிறந்தவர் ஜேம்ஸ் பிளாக். பிறந்தது வேறு ஊர் என்றாலும் வளர்ந்தது அதே ஃபைஃபில்தான். இவருடைய தகப்பன் சுரங்கப் பொறியியலாளர். பின்னாளில் பிளாக் இருதயத்துக்குப் புரொப்ரனலோல் குளிசையைக் கண்டுபிடித்தார். ஜாக்கின் குழு முட்டுக்குப் பம்பில் இழுக்கும் சல்பியூட்டமோலைக் கண்டுபிடித்தது. ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு மருந்துகள் ஒரே நிலக்கரி மண்ணில் வளர்ந்த இரண்டு பேரிடமிருந்து வந்திருக்கின்றன! இதைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

எதிர் என்றால் எப்படி? பயத்தில் உடம்பில் ஊறும் அட்ரினலின் இரண்டு கதவுக்கு ஒரே திறப்பு. ஒரு கதவு இருதயத்தில்: திறந்தால் துடிப்பு ஏறும். மற்றது மூச்சுக்குழாயில்: திறந்தால் குழாய் விரியும். பிளாக்கின் தகப்பன் ஒரு கார் விபத்தை அடுத்து மாரடைப்பில் போனார். அந்த அதிர்ச்சி இருதயத்தை எட்டாமல் தடுக்கலாமா என்று மகன் யோசித்தார் என்பார்கள். 1960களின் நடுவில் வந்த புரொப்ரனலோல் இருதயக் கதவைச் சாத்தியது. கூடவே மூச்சுக் கதவையும் சாத்தியது. தொய்வுக்காரர் திணறினார்கள்.

மறுபக்கமும் இதே கதைதான். அந்தக் காலத்து ஐசோபிரனலின் பம்ப் இரண்டு கதவையும் ஒன்றாகத் திறந்தது. 1960களில் பிரித்தானியாவில் தொய்வால் இறந்த இளவயதினர் தொகை ஏறியபோது, சந்தேகம் அதிக அளவு ஐசோபிரனலினின் மேல் விழுந்தது. மூச்சுக் கதவை மட்டும் குறிவைத்த சல்பியூட்டமோல் 1969இல் கடைக்கு வந்தது. பிளாக்குக்கு 1988இல் நோபல் பரிசு. ஜாக்குக்கு அது கிடைக்கவில்லை. எனக்கு அதில் இன்னும் கோபம்.

சரி, திருகோணமலைக்கு வருவோம். கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு பெரியவரை வைத்துக்கொள்வோம். நாற்பது வருடம் பீடி, வீட்டில் விறகடுப்புப் புகை, போன வருடம் ஒரு மாரடைப்பு. 2009இல் கிண்ணியாப் பாலம் வந்தபிறகு அவருக்குப் பாதைப் படகுக்காகக் காத்து நிற்கும் தொல்லை இல்லை, வரிசைதான் மிச்சம். மாவட்டந்தோறும் உள்ள நெஞ்சுக் கிளினிக் காசநோய் ஒழிப்பிலிருந்து வளர்ந்தது. இருதயக்காரர் போவது ஆஸ்பத்திரியின் மருத்துவக் கிளினிக்குக்கு. இரண்டும் வெவ்வேறு நிர்வாகம். ஓரிடத்தில் புரொப்ரனலோல் வழிவந்த பைசோப்ரொலோல் குளிசையை எழுதுவார்கள். மற்ற இடத்தில் யாராவது, “முட்டுக்காரருக்கு இது ஆகாதே” என்பார்கள். பெரியவர் வீட்டுக்குப் போய்க் குளிசை, பம்ப் இரண்டையும் நிறுத்திவிடுவார்.

ஆகாது என்பது புரொப்ரனலோல் காலத்துப் பயம். பைசோப்ரொலோல், மெட்டோப்ரொலோல் போன்றவை பெரும்பாலும் இருதயக் கதவோடு நின்றுவிடுபவை. புகையால் நுரையீரல் கெட்டவருக்கு இருதய வருத்தமும் இருந்தால், சிறிய அளவில் தொடங்கி இவற்றைக் கொடுக்கலாம் என்பதே இன்றைய வைத்திய வழக்கம். தொய்வுக்காரர் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். இருதயத் தேவை இல்லாதவருக்கு நுரையீரலுக்காகவே கொடுத்துப் பார்த்ததில் பயன் தெரியவில்லை. 2019இல் வெளியான மெட்டோப்ரொலோல் ஆய்வில் நுரையீரல் வருத்தம் கடுமையாகி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் கூடினார்கள். 2024இல் வெளியான பைசோப்ரொலோல் ஆய்வில் நன்மையும் இல்லை, பெரிய தீமையும் இல்லை. ஆக, தேவையானவரிடமிருந்து பயத்தில் பறிக்கவும் கூடாது, தேவையில்லாதவருக்கு வாரி வழங்கவும் கூடாது. இதைத் தீர்மானிக்க இரண்டு வைத்தியரும் ஒரே தாளைப் பார்க்க வேண்டும். ஒருங்கிணைந்த சிகிச்சை என்றதும் புதுக் கட்டடம் கேட்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. எல்லா மருந்தையும் எழுதிய ஒரு தாள், அதை இரண்டு கொப்பியிலும் ஒட்டப் பசை. தொடக்கத்துக்கு அது போதும்.

அந்தத் தாளில் விட்டுப்போகிற ஒன்று உண்டு: கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து. கண் அழுத்தத்துக்குக் கொடுக்கும் டிமோலோலும் புரொப்ரனலோலைப் போல இரண்டு கதவையும் சாத்துகிற இனம். கண்ணின் உள்மூலை வழியாக மூக்குக்கு வடிந்து, ஈரலைத் தொடாமலே இரத்தத்தில் கலக்கும். ஒரு சொட்டில் முட்டு எழும்பியவர்கள் இருக்கிறார்கள். “என்ன மருந்து குடிக்கிறீர்கள்?” என்று கேட்டால் கண்மருந்தை யாரும் சொல்வதில்லை, அது குடிக்கிற மருந்து இல்லையே! முட்டும் கண் அழுத்தமும் சேர்ந்திருந்தால் அந்தச் சிறிய போத்தலையும் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சொட்டு விட்டபின் மூக்கோரத்து மூலையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திப் பிடித்தால் இரத்தத்துக்குப் போவது குறையும்.

கால்வீக்கம் அடுத்த கிழமை, நிச்சயம். நுரையீரல் கெட்டால் இருதயத்தின் வலப்பக்கம் ஏன் களைக்கிறது, உப்பு அதில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். கருவாட்டைத் திட்டி எழுத வேண்டாம் என்று வீட்டில் இப்போதே சொல்லிவிட்டார்கள்.