தோள்பட்டை நார் அறுந்து தைக்க முடியாமல் போச்சா? ஆபரேஷன் எத்தனை வருஷம் கை கொடுக்கும்

தலை வார கையை தூக்க முடியாது. ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் உயிர் போகும் வலி. மூட்டை தூக்குபவர்கள், பெயிண்டர்கள், கொத்தனார்கள் என கையை நம்பி பிழைப்பவர்களுக்கு தோள்பட்டை நார் அறுந்தால் பிழைப்பே ஆட்டம் கண்டு விடும். "இனி தைக்க முடியாது" என்று டாக்டர் சொல்லி விட்டாலும் வேறு ஆபரேஷன்கள் இருக்கின்றன. ஆனால் அவை என்ன தரும், என்ன தராது என்று தெரிந்து கொண்டு சம்மதிப்பது நல்லது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஏன் தைக்க முடியாது?

தோள் மூட்டை சுற்றி 4 தசைகள் உள்ளன. இவற்றின் நார்கள்தான் கை எலும்பின் பந்து போன்ற தலையை குழிக்குள் பிடித்து வைக்கின்றன. நார் அறுந்ததை கவனிக்காமல் நாள் கடத்தினால் தசை உள்ளே சுருங்கி விடும். அதில் கொழுப்பு சேரும். அப்புறம் இழுத்து தைத்தாலும் நிற்காது.

தலைகீழ் மூட்டு

பிரான்ஸ் டாக்டர் பால் கிராமோன் 1985-ல் கொண்டு வந்த முறை இது. பந்து இருந்த இடத்தில் கிண்ணம், கிண்ணம் இருந்த இடத்தில் பந்து என்று மாற்றி செயற்கை மூட்டு பொருத்துவார்கள். அறுந்த நாரின் வேலையை தோளின் மேல் சதையே பார்த்துக் கொள்ளும்.

2017-ல் வெளியான பிரான்ஸ் ஆய்வில், 10 வருஷம் ஆகியும் 93 சதவீத மூட்டுகளை மாற்ற வேண்டி வரவில்லை. ஆனால் வருஷம் போகப்போக கையின் செயல்பாடு குறைந்தது. அதனால்தான் பெரும்பாலும் வயதானவர்களுக்கு இதை சிபாரிசு செய்கிறார்கள்.

முதுகு தசை, தொடை சவ்வு

வயது குறைந்தவர்களுக்கு முதுகு தசையின் நாரை எடுத்து தோளில் பொருத்துவது உண்டு. இதை 1988-ல் அறிவித்தவர் சுவிட்சர்லாந்து டாக்டர் கிறிஸ்டியன் கெர்பர். 10 வருஷத்துக்கு மேல் கழித்து கேட்டபோது, தங்கள் தோளுக்கு நோயாளிகள் போட்ட மார்க் சராசரியாக 100-க்கு 29-ல் இருந்து 70 ஆனது. ஆனால் தோளின் முன்பக்க நாரும் அறுந்திருந்தால் பலன் குறைவு.

ஜப்பான் டாக்டர் மிஹாட்டா தொடை சவ்வை எடுத்து தோளின் மேல்புறம் தைத்தார். 2013-ல் அவர் வெளியிட்ட முடிவில், 84 டிகிரி வரை தூக்கிய கை 148 டிகிரி வரை உயர்ந்தது. அந்த சவ்வு கிழியாமல் இருந்தால்தான் பலன் நிற்கும்.

தோளுக்குள் பலூன் வைக்கும் முறையும் வந்தது. 2022-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வில், பலூன் வைக்காமல் உள்ளே சுத்தம் மட்டும் செய்தவர்களே நன்றாக இருந்தார்கள். ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது.

மூட்டை தூக்கலாமா?

பலருக்கு வலி குறையும். தூக்கம் வரும். சட்டை போடலாம், தலை வாரலாம். ஆனால் பழைய பலம் முழுசாக திரும்பாது. செயற்கை மூட்டு வைத்தவர்கள் பாரம் தூக்கும் வேலைக்கு போவதை டாக்டர்கள் விரும்புவதில்லை. எனவே "என் வேலை இது, திரும்ப செய்ய முடியுமா?" என்று முதலிலேயே கேட்டு விட வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன் பிசியோதெரபி செய்து பார்ப்பதும் அவசியம். வயதானவர்கள் பலர் பயிற்சியிலேயே சமாளித்து விடுகிறார்கள்.

கீழே விழுந்த பிறகு கை தூக்க வரவில்லை என்றால் தைலம் தேய்த்து நாள் கடத்தாமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். புதுசாக அறுந்த நாரை தைக்க வாய்ப்பு அதிகம்.