மலேரியா திரும்பி வருவது ஏன்?

“தட்டம்மை ஒருமுறை வந்து போனால் மறுபடி வருவதில்லையே, மலேரியா மட்டும் ஏன் திரும்ப வருகிறது?” காய்ச்சல் பிரிவில் எங்களிடம் குடும்பத்தினர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

தட்டம்மைக் கிருமி தன் தோற்றத்தைப் பெரிதாக மாற்றிக்கொள்வதில்லை. ஒருமுறை அறிந்துகொண்ட உடல் அதனை மறப்பதுமில்லை. மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியம் அத்தகையதன்று. அதன் ஃபால்சிபாரம் வகை, தான் குடியேறிய சிவப்பணுவின் மேற்பரப்பில் ஒரு புரதத்தை நிறுத்துகிறது. அதற்கு எதிராக உடல் எதிர்ப்பொருளை உருவாக்குவதற்குள் சில ஒட்டுண்ணிகள் வேறொரு புரதத்துக்கு மாறிவிடுகின்றன. இதற்கென்றே ஏறத்தாழ 60 மரபணுக்கள் அதனிடம் உள்ளன. ஆகவே பலமுறை நோயுற்றவர்களுக்கே ஓரளவு எதிர்ப்பாற்றல் கிட்டுகிறது. நோய் மிகுந்த ஆப்பிரிக்கப் பகுதிகளில் சிறு குழந்தைகள் உயிரிழக்க, பெரியவர்கள் இரத்தத்தில் ஒட்டுண்ணியைச் சுமந்தபடியே நடமாடுவது இதனால்தான். அவர்களும் ஊரைவிட்டுச் சில ஆண்டுகள் விலகியிருந்தால் அவ்வாற்றல் குறைந்துவிடும்.

சென்னையில் பெரிதும் காணப்படுவது வைவாக்ஸ் வகை. இதில் மறுபடி வரும் காய்ச்சலுக்குப் புதிய கொசுக்கடி தேவையே இல்லை. ஒட்டுண்ணிகளுள் சில கல்லீரலில் உறங்கிக் கிடந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து விழித்து இரத்தத்துக்கு வருகின்றன. உறங்கும் நிலையில் அவற்றை இரத்தப் பரிசோதனை காட்டாது, குளோரோகுயினும் அழிக்காது. அவற்றை அழிக்கவே பிரைமாகுயின் 14 நாட்களுக்குத் தரப்படுகிறது. மூன்றாம் நாளே காய்ச்சல் நின்றுவிடுவதால், மீதி மாத்திரைகள் அலமாரியில் தங்கிவிடுகின்றன. ‘உடம்புதான் சரியாகிவிட்டதே’ என்ற எண்ணம் இயல்பானதே; எனினும் இரண்டு மாதம் கழித்து அதே நோயாளியை அதே நடுக்கத்துடன் பார்க்க நேர்வது எங்களுக்கு வருத்தமளிக்கிறது.

கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பிரைமாகுயின் தருவதில்லை. ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இம்மருந்து சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். சிறுநீர் கருத்துப் போனாலோ, கண்கள் மஞ்சளித்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வாருங்கள்.

14 நாட்களும் உட்கொண்டவருக்குப் புதிய கொசுக்கடியால் நோய் வருவதும் உண்டு. நகரத்தில் இதனைப் பரப்பும் கொசு சாக்கடையைவிட நல்ல தண்ணீரையே நாடும். கிணறும், மூடி சரியாகப் பொருந்தாத மேல்நிலைத் தொட்டியும் அதற்குப் போதும்.

மலேரியா வந்து போனவருக்குப் பிறகு எப்போது காய்ச்சல் வந்தாலும், முதல் நாளே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முன்பு நோய் வந்த மாதத்தையும், எத்தனை நாள் மாத்திரை உட்கொண்டீர்கள் என்பதையும் மறைக்காமல் மருத்துவரிடம் கூறுங்கள். பழைய மருந்துச் சீட்டு இருந்தால் உடன் கொண்டுவாருங்கள்.