இரவுக் காவலும் கணினித் திரையும்
பலெர்மோவில் எம் பிள்ளைகள் முன்னுள்ள ஒரு புதிய உத்தியோகம்

2022ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் பலெர்மோ நகராட்சியின் கணினி வலையமைப்பு தாக்குதலுக்கு உள்ளாயிற்று. தீங்கு மேலும் பரவாமல் தடுக்கும் பொருட்டு நகராட்சியே தன் கணினிகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. இணையத்தளமும் இணையவழிச் சேவைகளும் முடங்கின. வாகனக் கட்டுப்பாட்டு வலயத்துக்குரிய அனுமதிச்சீட்டைப் பெற வழியில்லை. அரும்பொருளகங்களுக்கு முன்பதிவு செய்ய வழியில்லை. அலுவலகங்களோடு தொடர்புகொள்ள விரும்பியோர் பழைய தொலைநகல் இயந்திரத்தைத் தேட வேண்டியதாயிற்று. நகராட்சித் தேர்தலுக்குப் பத்து நாள்களே எஞ்சியிருந்த வேளை அது. கோப்புகளைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்கும் 'வைஸ் சொசைட்டி' என்னும் கும்பல் பின்னர் அச்செயலுக்கு உரிமை கோரியது.

இத்தகைய தாக்குதல்களை முன்கூட்டியே கண்டறிவதற்கென இரவு பகலாகக் கணினித் திரைகளின் முன் அமர்ந்திருப்போர் உளர். அவ்வேலைக்கு எம் பிள்ளைகள் செல்ல முடியுமா? பலெர்மோவுக்குக் கிழக்கே ஏறத்தாழப் பதினைந்து கிலோமீற்றர் தொலைவிலுள்ள பகேரியாவில் பெற்றோர் சிலர் எம்மிடம் கேட்ட கேள்வி இது. பிறர் வீடுகளைத் துப்புரவு செய்தும், முதியோரைப் பராமரித்தும் பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் அவர்கள். தொழில்நுட்பப் பாடசாலைச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு உணவகச் சமையலறையில் நிற்கும் மகனைப் பற்றிய கவலை அவர்களுக்கு. 'ஆறே வாரத்தில் இணையப் பாதுகாப்பு நிபுணர்' என்று வாக்களிக்கும் விளம்பரம் ஒன்றையும் காட்டினார்கள். அவ்விளம்பரத்தை நம்பிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் அறிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

மதில் மட்டும் போதாது

பகேரியாவில் வாழ்வோர் பலகோனியா மாளிகையை அறிவர். 1715இல் கட்டத் தொடங்கப்பெற்ற அம்மாளிகையின் மதில்களில் விகார உருவச் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. அவை பார்ப்போரை அச்சுறுத்தும். ஆனால் மதிலேறிக் குதிப்பவனைக் கண்டு குரல் கொடுக்கமாட்டா. கணினி உலகிலும் இதே நிலைதான். தடுப்பு மென்பொருள்கள் எத்தனை இருந்தாலும் உள்ளே நுழைந்துவிட்டவனைக் கண்டுபிடிக்க விழித்திருக்கும் கண் ஒன்று வேண்டும்.

அகதிகளாகிய எமக்கு இது பிறர் விவகாரமன்று. 2022 ஜனவரியில் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு தன் கணினிகள் ஊடுருவப்பட்டதை அறிவித்தது. போரினாலும் இடப்பெயர்வினாலும் பிரிந்தோர், காணாமற்போனோர், அவர்களைத் தேடும் குடும்பத்தினர் என 515,000க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அந்தக் கணினிகளில் இருந்தன. ஊடுருவியோர் 2021 நவம்பர் 9ஆம் திகதியே உள்ளே வந்துவிட்டனர். அவர்கள் நுழைந்த துவாரத்தை அடைக்கும் திருத்தம் அதற்கு முன்னரே வெளிவந்திருந்தும் உரிய காலத்தில் இடப்படவில்லை. அவர்கள் கண்டறியப்பட்டபோது 70 நாள்கள் கழிந்திருந்தன. பிரிந்த உறவுகளைத் தேடித்தரும் சேவையின் கணினிகளை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. ஒரு பட்டியலிலுள்ள பெயரும் முகவரியும் தவறான கையில் சேர்ந்தால் என்ன நேரும் என்பதை எம்மவர்க்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

இலங்கையிலும் 2023 ஓகஸ்ட் மாதத்தில் அரச மின்னஞ்சல் அமைப்பு கப்பத் தாக்குதலுக்கு ஆளாகியது. ஏறத்தாழ 5,000 முகவரிகளுக்குரிய, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் அழிந்தன. அக்காலப் பகுதிக்குரிய மாற்றுப் பிரதி இருக்கவில்லை.

முதற்படியில் உள்ளவர் என்ன செய்கிறார்?

எஸ்.ஓ.சி. என்று சுருக்கி அழைக்கப்படும் பாதுகாப்பு நடவடிக்கை நிலையமே இக்கண்காணிப்பு நடைபெறும் இடம். இத்தாலியர் இதனைச் 'சொக்' என்பர். நிறுவனமொன்றின் கணினிகள் ஒவ்வொன்றும் தம்மிடம் நிகழ்வனவற்றைக் குறித்துவைக்கின்றன: யார் எப்போது நுழைந்தார், எந்தக் கோப்பைத் திறந்தார், எங்கே தொடர்புகொண்டார் என்பன. இக்குறிப்புகளுக்கு 'லொக்' என்று பெயர். அவற்றை ஒரே இடத்தில் சேர்த்து, ஐயத்துக்குரியதைக் கண்டவுடன் எச்சரிக்கை எழுப்பும் மென்பொருள் 'சியெம்' எனப்படும். அவ்வெச்சரிக்கைகளை முதலில் பார்ப்பவரே முதற்படி ஆய்வாளர்.

ஓர் உதாரணம் தருவோம். அதிகாலை 3 மணி. கணக்கெழுத்தாளர் ஒருவரின் பெயரில் நாற்பது முறை பிழையான கடவுச்சொல் கொடுக்கப்பட்டுள்ளது. விண்டோஸ் கணினிகள் இதனை 4625 என்ற எண்ணால் குறிக்கும். அடுத்து 4624 என்ற எண் தோன்றுகிறது. நுழைவு வெற்றிபெற்றுவிட்டது என்பது பொருள். கடவுச்சொல்லை மறந்த ஊழியரா, கள்வனா? அவர் விடுமுறையில் இருக்கிறாரா? எந்த நாட்டிலிருந்து நுழைந்தார்? நுழைந்தபின் எதைத் தொட்டார்? இவற்றைச் சில நிமிடங்களில் ஆராய்ந்து, தீங்கற்றதாயின் காரணத்தை எழுதி முடித்துவைக்க வேண்டும். ஐயமிருப்பின் இரண்டாம் படியில் உள்ளவருக்கு அனுப்ப வேண்டும். எழும் எச்சரிக்கைகளில் மிகப் பெரும்பாலானவை பொய்யானவை. நூறு பொய்களுக்குப் பின்னர் வரும் உண்மையை அயர்ந்து தவறவிடாமல் இருப்பதே இத்தொழிலின் சாரம்.

ஆகவே திரைப்படங்களில் காண்பது போன்ற மாயவித்தை எதுவும் இங்கில்லை. பொறுமை, ஒழுங்கு, தெளிவாக எழுதும் ஆற்றல் ஆகியவையே தேவை. வேலை முறைமாற்றில் நடப்பது. இத்தாலியில் எம்மவர் நன்கறிந்த 'துர்னோ'தான். இரவும் ஞாயிறும் திருவிழா நாளும் விலக்கல்ல.

கற்க வேண்டிய வரிசை

பல்கலைக்கழகத்தில் கற்பித்த காலம் முதல் நாம் வலியுறுத்தி வருவது ஒன்றுண்டு: அடித்தளம் இன்றி மேல்மாடி கட்டலாகாது. இத்துறைக்கு அடித்தளம் வலையமைப்பு. ஒரு கணினி மற்றொன்றோடு எவ்வாறு பேசுகிறது, இணையப் பெயர் எவ்வாறு எண்ணாக மாறுகிறது, 443, 53, 22, 3389 ஆகிய வாயில்கள் எவற்றுக்குரியவை என்பதை முதலிற் கற்க வேண்டும். அடுத்தது லினக்ஸ், விண்டோஸ் ஆகிய இயங்குதளங்கள். மூன்றாவது, லொக் குறிப்புகளை வாசிக்கும் பழக்கம்.

இவற்றுக்குப் பெரும் செலவில்லை. சிஸ்கோ நிறுவனத்தின் கல்விக்கழகம் தொடக்கப் பாடங்களை இலவசமாக வழங்குகிறது. 'வயர்ஷார்க்' என்ற ஆய்வுக் கருவியும், 'வாசு' என்ற கண்காணிப்பு மென்பொருளும் இலவசமானவை; பழைய கணினி இரண்டு இருந்தால் வீட்டிலேயே சிறு கண்காணிப்பு நிலையம் அமைத்துப் பழகலாம். தாக்குவோர் கையாளும் முறைகளை வகைப்படுத்திய 'மைற்றர் அற்றாக்' என்ற தொகுப்பும் எவரும் வாசிக்கக்கூடியது. பழகியவற்றை ஒரு குறிப்பேட்டில் ஒழுங்காக எழுதி வைத்தால், நேர்முகத் தேர்வில் காட்டத்தக்க சான்று அதுவே. சான்றிதழ்களில் 'கொம்ரியா செக்கியூரிற்றி பிளஸ்' பல நாடுகளில் மதிக்கப்படுவது. 2022இல் தொடங்கிய ஐ.எஸ்.சி.2 அமைப்பின் ஆரம்பநிலைச் சான்றிதழ், முன்னனுபவம் இல்லாதோரை நோக்கியது. பாடசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் பயிலும் 16 முதல் 24 வயதினர்க்கு, 'சைபர் சலஞ்ச்' என்ற இலவசப் பயிற்சித் திட்டம் ஆண்டுதோறும் இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் நடைபெறுகிறது.

இங்கே கடுமையான எச்சரிக்கை ஒன்று. பழகுவது தன் சொந்தக் கணினியில் மட்டுமே. அனுமதியின்றிப் பிறர் கணினியில் நுழைவதை இத்தாலியக் குற்றவியல் கோவையின் 615 தெர் பிரிவு தண்டிக்கிறது. விளையாட்டாகச் செய்ததென்று நீதிமன்றத்தில் கூறிப் பயனில்லை. தஞ்சக் கோரிக்கை நிலுவையில் உள்ள ஓர் இளைஞர்க்குக் குற்ற வழக்கு எத்தகைய கேட்டினைத் தரும் என்பதைச் சிந்திக்குக.

மொழியும் பத்திரங்களும்

எம் பிள்ளைகளைத் தடுத்து நிறுத்துவது கணினி அறிவைக் காட்டிலும் மொழியே. கையேடுகள் ஆங்கிலத்தில், அறிக்கைகளோ இத்தாலிய மொழியில். குடியுரிமைக்கு 2018 முதல் பி1 தரம் கேட்கப்படுகிறது. நள்ளிரவில் வாடிக்கையாளரை எழுப்பி ஆபத்தை விளக்க அத்தரம் போதாது. இங்கே பிறந்து படித்த பிள்ளைகட்கு இத்தடை இல்லை. பின்னர் வந்தோர், வயது வந்தோர்க்கான அரச கல்வி நிலையங்களான 'ச்சிப்பியா'க்களில் சேரலாம்; பலெர்மோ பல்கலைக்கழகத்தின் 'இத்தாஸ்த்ரா' மொழிப் பள்ளியும் உண்டு.

தஞ்சம் கோரி 60 நாள் கடந்தும் முடிவு கிடைக்காதோர், 2015ஆம் ஆண்டின் 142ஆம் இலக்கச் சட்டவாணைப்படி வேலை செய்யலாம். ஊரில் பெற்ற பட்டத்தை மதிப்பிடும் நிறுவனம் 'ச்சிமேயா'. சான்றிதழ்களைப் போரில் இழந்த அகதிகளின் கல்வித் தகுதியையும் மதிப்பிட நாடுகள் வழிசெய்ய வேண்டும் என்று 1997ஆம் ஆண்டின் லிஸ்பன் உடன்படிக்கையின் ஏழாம் பகுதி கூறுகிறது. 'தாள் இல்லை, ஆகவே படிப்பும் இல்லை' என்று எவரும் ஒதுங்கிவிட வேண்டாம். 18 முதல் 29 வயதினர், தொழில் பழகுநர் ஒப்பந்தமாகிய 'அப்பிரெந்திஸ்தாத்தோ' வழியாகவும் நுழையலாம்.

நாட்டின் பாதுகாப்போடு தொடர்புடைய பதவிகளுக்கு இத்தாலியக் குடியுரிமை வேண்டும். ஏனைய பொதுத்துறைப் பதவிகள் பலவற்றுக்கு, நீண்டகால வதிவிட அனுமதி பெற்றோரும் அகதி அந்தஸ்துப் பெற்றோரும் விண்ணப்பிக்க 2013ஆம் ஆண்டின் சட்டம் இடமளித்தது. இங்கே பிறந்து இடையறாது வதிந்த பிள்ளைகள், 18 வயது நிறைந்தபின் ஓராண்டுக்குள் குடியுரிமை கோரத் தவறலாகாது.

வாய்ப்பும் வரம்பும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய விதிகளை இத்தாலி 2024ஆம் ஆண்டின் 138ஆம் இலக்கச் சட்டவாணையாக ஏற்றுக்கொண்டுள்ளது. அதன்படி முக்கிய நிறுவனங்கள் பாரதூரமான தாக்குதலை 24 மணிநேரத்தில் முன்னறிவிப்பாகவும், 72 மணிநேரத்தில் முறைப்படியும் அரசுக்குத் தெரிவித்தல் வேண்டும். கண்காணிப்போர் இன்றி இதனைச் செய்ய இயலாது. ஆகவே தேவை உள்ளது.

எனினும் உண்மையை மறைத்தல் தகாது. இவ்வேலைகள் பெரும்பாலும் மிலானோவிலும் ரோமாவிலும் உள்ளன. சில நிறுவனங்கள் தொலைவிலிருந்து பணிபுரிய அனுமதிக்கின்றன. ஆயினும் தொடக்கத்தில் ஊர் மாற ஆயத்தமாயிருத்தல் நன்று. திரும்பத் திரும்ப வரும் எளிய எச்சரிக்கைகளை இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் கையாளத் தொடங்கிவிட்டன. எனவே புதிதாக வருவோரிடம் முன்னைவிடக் கூடுதலான அறிவு எதிர்பார்க்கப்படுகிறது. ஆறு வாரத்தில் இவையெல்லாம் கைகூடா. வேறு வேலை செய்துகொண்டு மாலையில் படிப்பவர்க்கு ஓராண்டேனும், சிலர்க்கு இரண்டாண்டும் செல்லும். வேலைக்கு உத்தரவாதம் என்று கூறி முற்பணம் கேட்போரிடம், முன்னர் பயின்று வேலை பெற்றோர் யார், எந்நிறுவனத்தில் என்று கேளுங்கள். மறுமொழி வராவிடின் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் உறுதி. நோயுற்ற முதியவரின் கட்டிலருகே இரவு முழுவதும் கண்ணயராது இருந்து, மூச்சு மாறியவுடன் எழுந்து மருத்துவரை அழைத்த தாய்மார் எம்மிடையே ஏராளம். வழமைக்கு மாறான சிறு அசைவை உணரும் அக்கவனமே இத்தொழிலின் முதல் தகுதி. எம் பிள்ளைகள் அதனை வீட்டிலேயே கண்டு வளர்ந்தவர்கள். பகேரியாவிலும் பலெர்மோவிலும் எமது சங்கங்கள் நடத்தும் ஞாயிறு வகுப்புகளில், தமிழும் நடனமும் போலவே வலையமைப்புப் பாடத்துக்கும் ஒரு மணிநேரத்தை ஒதுக்குமாறு வேண்டுகிறோம். அதற்குத் தேவையானவை ஓர் அறை, பழைய கணினிகள் சில, முன்னே படித்த ஒருவர். இம்மூன்றும் எம்மிடம் உள்ளன.