தோள் காயம்: கையால் சோதித்துச் சொல்வது எந்த அளவுக்குச் சரி?

தோளில் அடிபட்டு வருபவரைப் பார்த்தும் தொட்டும் அசைத்தும் மருத்துவர் செய்யும் சோதனை, எல்லாக் காயத்துக்கும் ஒரே அளவு கைகொடுப்பதில்லை. மூட்டு முன்புறமாக விலகியிருந்தால் பெரும்பாலும் பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிடும். தோளின் உருண்டை வடிவம் போய்த் தட்டையாகியிருக்கும். அடிபட்ட கையை மறுகை தாங்கியிருக்கும். தோள்மூட்டு விலகல்களில் சுமார் 95 சதவீதம் இந்த வகைதான். காறை எலும்பு தோலுக்கு நேர் கீழே இருப்பதால் அதன் முறிவும் விரலுக்கு எட்டிவிடும்.

பின்புறமாக விலகுவது அபூர்வம். வலிப்பு வந்தபோதோ மின்சாரம் தாக்கியபோதோ இது நேரலாம். வெளித்தோற்றம் அதிகம் மாறாது. நேராக எடுத்த எக்ஸ்ரேகூடச் சரியாக இருப்பதுபோலக் காட்டிவிடும். முதல் பார்வையில் தவறவிடப்படும் காயம் என்று இது பேர்பெற்றதே அதனால்தான். முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னால் திருப்ப வராது. இந்த எளிய அறிகுறி தெரிந்தால் வேறு கோணத்திலும் படம் எடுத்தாக வேண்டும்.

சிக்கல் தசைநாண்களில்தான். கையைத் தூக்க முடியாதது நாண் அறுந்ததாலா, வலியாலா? அடிபட்ட புதிதில் தசைகள் விறைத்துக்கொள்வதால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மரத்துப்போக ஊசி போட்டபின் கை தூக்க வந்தால் தடுத்தது வலி. ஓரிரு வாரத்தில் வலி தணிந்ததும் மறுபடி சோதிப்பதும் உண்டு. அதை மறந்துவிடக் கூடாது. முற்றிலும் அறுந்த நாண் நாளாக ஆகச் சுருங்கும், தைப்பது கடினமாகும்.

தோள் கிண்ணத்தின் விளிம்பிலுள்ள குருத்தெலும்பு வளையம் கிழிந்ததைக் கண்டறிய ஓப்ரையன் குழு 1998இல் வெளியிட்ட சோதனை, கிழிசல் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை என்றது. பின்னர் மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்தத் துல்லியம் வரவில்லை. சோதனையை வகுத்தவர் கையில் அது நன்றாக வேலை செய்வது மருத்துவத்தில் புதிதல்ல. பல ஆய்வுகளைத் தொகுத்த ஹெகடஸ் குழுவும் 2012இல், தனியொரு சோதனையை மட்டும் நம்பித் தோள் நோயை முடிவுசெய்யப் பரிந்துரைக்க இயலாது என்றது.

சேர்த்துப் பார்த்தால் நிலைமை மேல். மரெல், வால்டன் இருவரும் 2001இல் காட்டியபடி, கையைத் தூக்குவதில் பலவீனம், வெளிப்பக்கம் திருப்புவதில் பலவீனம், தூக்கும்போது உரசி வலிப்பது ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் நாண் கிழிந்திருக்க 98 சதவீத வாய்ப்பு.

எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டால் தீர்ந்தது என்பதும் சரியல்ல. தோளில் எந்தத் தொல்லையும் இல்லாத 96 பேரை 1995இல் படமெடுத்துப் பார்த்ததில் 34 சதவீதத்தினருக்குக் கிழிசல் இருந்தது. 60 வயதைத் தாண்டியவர்களில் பாதிக்கு மேல். படத்தில் தெரியும் கிழிசல் நேற்று விழுந்ததால் வந்ததா, பல வருடமாக இருப்பதா என்று பிரிக்க, விழுவதற்கு முன் கை தலைக்கு மேல் போனதா என்ற கேள்விக்கு நோயாளி சொல்லும் பதிலும் உதவும்.