கார் விளக்கினுள் பனித்துளி

மழைக்காலத்து விடியற்காலையில் வீதியோரம் நிற்கும் மோட்டார் கார்களைச் சற்று உற்று நோக்குங்கள். அவற்றுள் சிலவற்றின் முன்விளக்குகளில், முகப்பின் உட்புறத்தே, வெண்ணிறப் படலம் ஒன்று படர்ந்திருக்கக் காணலாம். துணி கொண்டு எத்தனை முறை துடைத்தாலும் அது அகலாது. படலம் இருப்பது உள்ளே, துடைப்பது வெளியே. வண்டிக்குரியவர், 'விளக்கினுள் நீர் புகுந்துவிட்டது. இனி விளக்கையே மாற்ற வேண்டும்' என்று மனம் கலங்குகிறார்.

பழைய பல்பைக் கழற்றிவிட்டு, அதிக வெளிச்சம் வேண்டி, எல். இ. டி. என்னும் புதுவகைப் பல்பைப் பொருத்திக்கொண்டவர்களிடமிருந்தே இம்முறையீட்டை நான் மிகுதியாகக் கேட்கிறேன். பல்பை மாற்றியதற்கும் பனி படர்ந்ததற்கும் யாது தொடர்பு? மாணவ நண்பர்களே, இதுவே இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள். இதை அறிவதற்கு, நீங்கள் பள்ளியில் பயின்ற பௌதிகமே போதும்.

குளிர்ந்த நீர் நிரம்பிய தம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதை எல்லோரும் கண்டிருக்கிறோம். அந்நீர் தம்ளருக்குள்ளிருந்து கசிந்ததன்று. சுற்றியுள்ள காற்றிலிருந்து வந்தது. காற்று எப்பொழுதும் ஓரளவு நீராவியைச் சுமந்து நிற்கிறது. எவ்வளவு சுமக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு; அவ்வெல்லை வெப்பநிலையைப் பொறுத்தது. 30 பாகை செல்சியஸில் ஒரு கன மீட்டர் இடத்தில் ஏறக்குறைய 30 கிராம் நீராவி தங்கலாம். 20 பாகையில் 17 கிராம்தான் தங்கும். ஆகவே நீராவி நிறைந்த 30 பாகைக் காற்று 20 பாகைக்குக் குளிருமாயின், 13 கிராம் நீராவி நீராக மாறியே தீர வேண்டும். அது முதலில் தேடிப் பற்றுவது, அருகிலுள்ள பொருள்களுள் மிகக் குளிர்ந்த பரப்பை. இரவில் வானத்தை நோக்கி வெப்பத்தை இழக்கும் காரின் விளக்கு முகப்பு, அத்தகைய பரப்புகளுள் ஒன்று.

இப்பொழுது ஒரு சிறு கணக்குப் போடுவோம். கணக்கு என்றவுடன் முகம் சுளிக்க வேண்டா. நோயைக் கண்டறியும் கருவியே இக்கணக்குத்தான். விளக்கினுள் 5 லிட்டர் காற்று இருப்பதாகக் கொள்வோம். ஒரு கன மீட்டர் என்பது 1000 லிட்டர். எனவே, 30 பாகையில் அவ்விளக்கினுள் இருக்கக்கூடிய நீராவி 0.15 கிராம். 20 பாகையில் தங்கக்கூடியது 0.085 கிராம். வேறுபாடு 0.065 கிராம். ஒரு சொட்டு நீரின் எடை சுமார் 0.05 கிராம். ஆக, உள்ளிருக்கும் காற்று முழுவதும் குளிர்ந்து தரக்கூடிய நீர், ஒரு சொட்டுக்குச் சற்று மேல், அவ்வளவே! ஒரு சொட்டு நீர், நுண்ணிய மூட்டமாகப் பரவினால், உள்ளங்கையளவு இடத்தை மறைத்துவிடும். பிளாஸ்டிக் பாகங்கள் உறிஞ்சி வைத்திருக்கும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் சில சொட்டுகள் கூடலாம். ஆனால் விளக்கின் அடியில் ஒரு கரண்டி நீர் தேங்கி நிற்குமானால், அது காற்றிலிருந்து வந்த பனியன்று. எங்கோ ஒரு வாயில் வழியே மழைநீரோ, வண்டி கழுவிய நீரோ நேராக உட்புகுந்திருக்கிறது. மூட்டம் வேறு, தேக்கம் வேறு. இந்த வேறுபாட்டை அறியாமையினால், நல்ல விளக்கைக் கழற்றி எறிந்தோரும் உண்டு. பழுதான விளக்கை 'தானாகவே காய்ந்துவிடும்' என்று விட்டுவைத்தோரும் உண்டு.

'விளக்கைக் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டால் என்ன?' என்று உங்களுள் ஒருவர் கேட்கக்கூடும். நல்ல வினா. அவ்வாறு அடைத்தே ஒரு காலத்தில் செய்தார்கள். 1940-ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்து அமெரிக்காவில் வழக்கத்திற்கு வந்த 'சீல்டு பீம்' விளக்குகளில், முகப்புக் கண்ணாடி, ஒளியைத் திருப்பும் குழியாடி, மின்னிழை மூன்றும் ஒன்றாகவே முத்திரையிடப்பட்டிருந்தன. இழை அறுந்தால் விளக்கு முழுவதையும் எறிந்துவிட வேண்டும். பல்பை மட்டும் மாற்றத்தக்க விளக்குகளை அந்நாடு 1983-இல்தான் அனுமதித்தது. ஐரோப்பாவிலோ, மாற்றத்தக்க பல்புகளே வழங்கிவந்தன. 1962 முதல் ஹாலஜன் பல்பும் அங்கே கார்களுக்கு வந்துவிட்டது. இன்றைய விளக்குகள் அவ்வழியில் வந்தவை. பல்பை மாற்றப் பின்புறத்தில் திறப்பு வேண்டும். திறப்புள்ள பெட்டியை முற்றிலும் முத்திரையிடுவது அரிது.

அன்றியும், அது தேவையும் இல்லை. விளக்கு எரியும்பொழுது உட்காற்று சூடேறுகிறது. 27 பாகையிலிருந்து 87 பாகைக்கு ஏறுவதாகக் கொண்டால், சார்லஸ் விதிப்படி, காற்றின் பருமன் ஐந்தில் ஒரு பங்கு பெருகும். 5 லிட்டர் 6 லிட்டராக வேண்டும். வழியில்லையேல் அழுத்தம் அதே விகிதத்தில் உயர்ந்து, ஓரங்களிலுள்ள பிசினை நெகிழ்த்தும். விளக்கு அணைந்து குளிரும்பொழுது, உள்ளழுத்தம் தாழ்ந்து, எங்கே மயிரிழை விரிசல் இருந்தாலும் அதன் வழியே வெளிநீரை உறிஞ்சும். மலைப்பாதையிலும் இந்நிகழ்ச்சி உண்டு. உதகமண்டலம் ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் இருப்பது. அங்கே காற்றழுத்தம் குறைவு. அங்கிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி வரும் வண்டியின் விளக்கு, தன் கொள்ளளவில் சுமார் ஐந்தில் ஒரு பங்குக் காற்றை வழியிலேயே உள்ளிழுத்துக்கொள்கிறது.

இக்காரணத்தால் விளக்குக்கு மூச்சு விடும் துளைகள் வைத்திருக்கிறார்கள். சில விளக்குகளில் இவை வளைந்த சிறு ரப்பர்க் குழாய்கள். வேறு சிலவற்றில் துளையின்மேல் வெள்ளைச் சவ்வு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அச்சவ்வு டெஃப்லானை இழுத்து விரித்துச் செய்வது. அவ்வாறு விரிக்கும் முறையை 1969-இல் அமெரிக்கரான ராபர்ட் கோர் கண்டறிந்தார். அதன் கண்கள் நீராவிக்கு வழிவிடும், நீர்த்துளியைத் தடுத்துவிடும். மழைச்சட்டைக்குப் பயன்படும் சவ்வே கார் விளக்குக்கும் மூக்காயிற்று.

இனிப் பல்புக்கு வருவோம். எச்-4 என்னும் ஹாலஜன் பல்பு, தொலைவொளிக்கு 60 வாட்டும், தாழ்வொளிக்கு 55 வாட்டும் மின்சாரம் கொள்வது. அதில் ஒளியாவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு; மற்றவை யாவும் வெப்பமே. அவ்வெப்பத்தின் பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிர்களாக முன்னோக்கிச் சென்று முகப்பைச் சூடாக்குகிறது. முகப்பின் வெப்பநிலை பனிநிலைக்கு மேலே ஏறிவிடுவதால், படிந்த மூட்டம் சிறிது நேரத்தில் ஆவியாகித் துளை வழியே வெளியேறும். விரயமென்று நாம் பழித்த வெப்பம், கேளாமலே ஒரு பணியைச் செய்துவந்தது. எல். இ. டி. பல்போ குறைந்த மின்சாரத்தில் ஒளி தருவது. அதன் வெப்பமும் பின்புறத்து உலோகத் தகடுகளுக்கே போகிறது. முகப்புக் குளிர்ந்தே இருக்கிறது. குளிர்நாடுகளில் இதனால் விளக்கின்மேல் விழுந்த பனி உருகாமல் ஒட்டிக்கொள்ளும் இடரும் உண்டு. ஆகவே, பல்பை மாற்றியபின் மூட்டம் சற்று நீடித்து நிற்குமாயின், அதை மட்டும் கொண்டு பழுது என்று முடிவு செய்தல் ஆகாது.

இரண்டாவது காரணம் இதனினும் கடுமையானது. பல்பின் பின்புறம், ரப்பர் உறை ஒன்று விளக்கைக் கவ்விப் பிடித்திருக்கும். புதுப் பல்பின் தகடுகளும் சிறு விசிறியும் பருத்தவை, உறை மூடுவதில்லை. என் தம்பி மகன் வண்டியில் நேர்ந்தது இதுவே. பல்பை விற்ற கடையினர் உறையைக் கத்தியால் வட்டமாக அறுத்து, 'இப்பொழுது சரியாகப் பொருந்தும்' என்று கூறி அனுப்பிவிட்டார்கள். ஐப்பசி மழையில் ஒரு வாரம் ஓடியது வண்டி. விளக்கின் அடியில் நீர் தளும்பியது. பணிமனை ஒன்றில் காட்ட, இரு விளக்குகளையும் புதிதாக மாற்றும்படி சொன்னார்கள். அவன் மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கும் தொகை அது. 'பெரியப்பா, நீங்கள்தானே சயன்ஸ் வாத்தியார், ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள்' என்று வண்டியோடு வந்து நின்றான்.

விளக்கைக் கழற்றி, குளிர விட்டு, பல்பை எடுத்துவிட்டு, சைக்கிள் கடையில் டியூபைச் சோதிப்பது போலவே சோதித்தோம். பின்வாயையும் துளைகளையும் தற்காலிகமாக அடைத்து, ஒரு துளையில் மட்டும் குழாய் செருகி, அகன்ற தொட்டி நீரில் முகப்பின் ஓரங்களை அமிழ்த்தி, மெல்ல ஊதினோம். பலமாக ஊதுதல் கூடாது. ஓரங்களில் எங்கும் குமிழி எழவில்லை, முகப்பு பழுதற்றது. குற்றம் அறுத்த உறையில் மட்டுமே. மற்றொரு துளையில் குளவி மண்கூடு கட்டி, அதை அடியோடு அடைத்திருந்தது. நீர் புகப் பெருவாயில் திறந்திருக்க, ஆவி போகும் சிறுவாயில் மூடியிருந்தது! மண்ணைக் கரைத்து எடுத்தோம்.

உலர்த்துவதிலும் ஒரு நுட்பம் உண்டு. சூடு மட்டும் கொடுத்தால் நீர் ஆவியாகுமேயன்றி வெளியே போகாது. குளிர்ந்ததும் மீண்டும் படியும். தேங்கிய நீரைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, பின்வாய் திறந்திருக்க வெயிலில் வைத்து, மேசை விசிறியின் காற்றை உள்ளே செலுத்த வேண்டும். தலைமுடி உலர்த்தும் கருவியைப் பயன்படுத்துவோர், இளஞ்சூட்டில், எட்டப் பிடித்துக் காட்டுக, பிளாஸ்டிக் நெளிந்துவிடும். உள்ளே துணி விட்டுத் துடைத்தல் வேண்டா. குழியாடியின் பளபளப்பு, அதன்மேல் படிந்த மிக மெல்லிய அலுமினியப் பூச்சு. கீறினால் திரும்ப வராது. நீர் பல நாள் தேங்கினால் அப்பூச்சே அரித்துப் போகும். மூட்டத்தை அலட்சியம் செய்யலாம், தேக்கத்தைச் செய்யலாகாது என்பது இதனால்தான். மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை இரவில் உள்ளே வைத்துக் காலையில் எடுத்துவிடலாம். அங்கேயே விட்டுவைத்தால், அவை குடித்த ஈரத்தை விளக்கின் சூட்டில் திரும்பக் கக்கிவிடும்.

சிலர் கைக்குக் கிடைத்த சிலிக்கோன் பசையைக் கொண்டு மூச்சுத் துளைகளையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்கள். இதைக் காட்டிலும் கேடு வேறில்லை. உள்ளே சிக்கிய ஈரம் வெளியேறும் வழியை இழக்கிறது. மேலே கண்ட உறிஞ்சலும் தொடங்கிவிடுகிறது. வெடித்த ஓரத்தை அடைப்பது வேறு, மூக்கை அடைப்பது வேறு.

தம்பி மகன், ஆழமான புதிய ரப்பர் உறை வாங்கி எல். இ. டி. பல்பையே வைத்துக்கொள்வதா, பழைய ஹாலஜனுக்கே திரும்புவதா என்று கேட்டான். நான் ஹாலஜன் பக்கமே நின்றேன். ஈரம் மட்டும் காரணமன்று. அவ்விளக்கின் குழியாடி, மின்னிழை இருக்கும் குறிப்பிட்ட புள்ளியைக் கொண்டு வளைக்கப்பட்டது. ஒளிதரும் இடம் சிறிது விலகினாலும் கற்றை சிதறி, எதிரே வருவோர் கண்ணைப் பறிக்கும். மழையிரவில் எதிரே வருபவர் மிதிவண்டிக்காரராகவும் இருக்கலாம் அல்லவா? அவன் ஒப்புக்கொண்டான். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடாமல், துணியால் பற்றிப் பொருத்தினோம். கையின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் மிகையாகச் சூடேறிப் பல்பைக் கெடுக்கும்.

கழற்றுமுன் வண்டியைச் சமதரையில் சுவருக்கு எதிரே நிறுத்தி, தாழ்வொளியின் மேல்விளிம்பைச் சுவரில் சுண்ணக்கட்டியால் குறித்து வைத்திருந்தோம். விளக்கைத் திரும்பப் பூட்டியபின் அதே இடத்தில் நிறுத்திப் பார்த்தபொழுது, வலப்பக்கத்து ஒளி நான்கு விரற்கடை மேலேறியிருந்தது. பின்புறத் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, பழைய கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினோம்.