பட்டத்தின் பெயரும் பணிவிதியின் வரியும்

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் புதுக்கோட்டை மாவட்டத்துக் குடும்பங்கள் எடுக்கும் முடிவுகளில், பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுப்பதே நெடுங்கால விளைவைத் தரக்கூடியது. எனினும் கிடைத்த மதிப்பெண்ணையும், ஊரிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் பேருந்தையும், உடன் படித்தவர் எடுத்த பாடத்தையும் பார்த்தே அம்முடிவு பெரும்பாலும் அமைந்துவிடுகிறது. அப்பட்டம் எந்தப் பணிக்குத் தகுதியாகும் என்ற கேள்வியோ மூன்றாண்டுகள் கழித்து, வேலைக்கான விண்ணப்பத்தை நிரப்பும்போதுதான் எழுகிறது. இக்கேள்வி சேர்க்கைக்கு முன்பே கேட்கப்பட வேண்டும் என்பதும், அதற்கு விடை தரும் பொறுப்பு மாணவரைவிடக் கல்லூரிக்கும் அரசுக்கும் மிகுதி என்பதும் வலியுறுத்திச் சொல்லப்பட வேண்டியவை.

பட்டம் அரிதாக இருந்த காலம்

புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்தபோது, 1857இல் பள்ளியாகத் தொடங்கி 1880இல் கல்லூரியாக உயர்ந்த நிறுவனமே இன்றைய மாமன்னர் கல்லூரி. திருமயத்தில் பிறந்த விடுதலைப் போராட்ட வீரர் எஸ். சத்தியமூர்த்தி பயின்ற இக்கல்லூரியில், ஆண்கள் மட்டுமே படித்துவந்த வழக்கத்தை மாற்றி, எதிர்ப்புகளுக்கிடையே மன்னரின் அனுமதியுடன் சேர்ந்த முத்துலட்சுமி ரெட்டி, 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுழைந்து 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பட்டதாரிகள் மிகச் சிலராகவே இருந்த அக்காலத்தில், எந்தப் பாடத்தில் பெற்றது என்பதைக் காட்டிலும், பட்டம் பெற்றவர் என்பதே அரசுப் பணிக்கும் சமூக மதிப்புக்கும் போதுமானதாக இருந்தது.

அந்நிலை இன்று இல்லை. 1969இல் புதுக்கோட்டையில் அரசு மகளிர் கல்லூரி தொடங்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம், கல்குவாரித் தொழிலாளர்கள் உள்ளிட்ட பல்லாயிரம் பெண்களுக்கு எழுத்தையும் அதனுடன் சைக்கிள் ஓட்டவும் கற்றுத் தந்தது. அவர்களுக்கு அடுத்த தலைமுறை இப்போது கல்லூரிக்கு வந்திருக்கிறது. 18 முதல் 23 வயதுக்குட்பட்டோரின் எண்ணிக்கைக்கு உயர்கல்வியில் சேர்ந்திருப்போரின் விகிதமான மொத்தச் சேர்க்கை விகிதம், 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 47 விழுக்காடாகவும் இந்திய அளவில் 28.4 விழுக்காடாகவும் இருந்தது. இது பெருமைக்குரிய வளர்ச்சி. ஆனால் பட்டம் பரவலாகும்போது, பட்டம் பெற்றவர் என்ற பொதுத்தகுதி மட்டுமே ஒருவரை வேலைக்கு உரியவராகத் தனித்துக் காட்டுவதில்லை.

மூன்று விளக்கங்கள்

பட்டத்துக்கும் ஊதியத்துக்கும் உள்ள தொடர்பைப் பொருளியல் அறிஞர்கள் வெவ்வேறாக விளக்கியுள்ளனர். தியோடர் ஷூல்ட்ஸ், கேரி பெக்கர் ஆகியோர் வளர்த்தெடுத்த மனித மூலதனக் கோட்பாடு, கல்வி ஒருவரின் திறனைக் கூட்டுவதால் அவருடைய வருவாயும் கூடுகிறது என்கிறது. மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் முன்வைத்த குறிப்புணர்த்தல் கோட்பாடு, விண்ணப்பதாரரின் திறமையை நேரில் அறிய இயலாத முதலாளிக்குப் பட்டம் ஓர் அடையாளமாகப் பயன்படுகிறது என்கிறது. இலங்கையையும் ஓர் எடுத்துக்காட்டாகக் கொண்டு ரொனால்ட் டோர் 1976இல் எழுதிய நூலோ, வேலைகள் பெருகாமல் பட்டதாரிகள் மட்டும் பெருகும் நாடுகளில், அதே வேலைக்கு மேலும் மேலும் உயர்ந்த சான்றிதழ் கோரப்படுவதையும், கற்பது பின்தங்கித் தேர்வில் தேறுவதே நோக்கமாகிவிடுவதையும் பட்ட நோய் என்று பெயரிட்டு விவரிக்கிறது.

மூன்றாவது விளக்கத்தின் சாயலைத் தமிழ்நாட்டில் காண்பதற்கு, இளநிலை உதவியாளர், தட்டச்சர், கிராம நிர்வாக அலுவலர் முதலிய பணிகளுக்கு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வே போதும். இத்தேர்வை எழுதுவதற்கான அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சிதான். ஆயினும் 2024இல் 6,244 இடங்களுக்கு அறிவிப்பு வெளியானபோது விண்ணப்பித்த 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரில் பட்டதாரிகளும் முதுகலைப் பட்டதாரிகளும் பொறியியல் படித்தோரும் திரளாக இருந்தனர். அவர்கள் பெற்ற பட்டத்தை அத்தேர்வு கோரவில்லை என்பதால், பட்டத்துக்குச் செலவிட்ட ஆண்டுகள் போட்டிக்கான பொதுப்பயிற்சியாக மட்டுமே அவர்களுக்குப் பயன்பட்டன.

2022-23ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்டோரிடையே வேலையின்மை 3.2 விழுக்காடாக இருக்க, பட்டதாரிகளிடையே அது ஏறத்தாழ 13 விழுக்காடாக இருந்தது. படிப்பே வேலையைக் கெடுக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளுதல் தவறு. கூலிக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாது என்ற நிலையில் உள்ளவர் வேலையற்றவராகக் காத்திருக்க இயலாது என்பதும், படிப்புக்கேற்ற வேலை வரும்வரை காத்திருக்கும் வாய்ப்பைப் பட்டதாரியின் குடும்பம் சில ஆண்டுகள் தாங்கிக்கொள்கிறது என்பதும் இவ்வேறுபாட்டின் முக்கியக் காரணங்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டுகள் காத்திருக்கும் பட்டதாரிக்கு, குடும்ப வருமான வரம்புக்கு உட்பட்டு, மாநில அரசு வழங்கும் உதவித்தொகை மாதம் 600 ரூபாய் என்பதைக் கருதினால், அக்காத்திருப்பின் சுமை முழுவதும் பெற்றோர் மீதே விழுகிறது என்பது தெளிவாகும்.

விதியின் வரிகளில் இருப்பது

இக்காத்திருப்பின் ஒரு பகுதி தவிர்க்கக்கூடியது. ஏனெனில் அது வேலையின் பற்றாக்குறையால் மட்டுமன்றி, பட்டத்தின் பெயர் பணிவிதியோடு பொருந்தாமையாலும் நேர்கிறது. ஆசிரியர் பணியை எடுத்துக்கொண்டால், தமிழ், கணிதம், இயற்பியல், வரலாறு போன்ற பள்ளிப் பாடங்களில் இளநிலைப் பட்டம் பெற்றவர், இரண்டாண்டு பி.எட். முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் தேர்வில் தேறினால், ஐந்தாண்டுப் படிப்பில் பட்டதாரி ஆசிரியர் பணிக்குத் தகுதி பெறுகிறார். வணிகவியலோ பொருளியலோ படித்தவர் பி.எட். சேர்வதற்கே அப்பாடத்தில் முதுகலைப் பட்டம் வேண்டும் என்பதால், அவருக்கு ஆசிரியர் பணி ஏழாண்டுப் பயணமாகிறது.

கணினி அறிவியலில் இளநிலைப் பட்டமும் பி.எட். பட்டமும் பெற்றுக் காத்திருந்தோருக்கு நேர்ந்தது இதனினும் கடுமையானது. 2019இல் ஆசிரியர் தேர்வு வாரியம் அரசு மேல்நிலைப் பள்ளிகளுக்கு 814 கணினிப் பயிற்றுநர் இடங்களை அறிவித்தபோது, முதுகலைப் பட்டத்தையும் பி.எட். பட்டத்தையும் சேர்த்துக் கோரியதால், இளநிலையோடு நின்றவர்கள் விண்ணப்பிக்கவும் இயலாமல் போயினர். தொடக்கப்பள்ளி ஆசிரியர் பணிக்குப் பி.எட். தகுதியாகாது என்று 2023 ஆகஸ்ட் 11இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, மற்றொரு வழியும் அடைபட்டது.

இதனோடு இணைத்தன்மை என்ற சிக்கலும் உண்டு. மாணவர்களை ஈர்ப்பதற்காகக் கல்லூரிகள் புதுப்பெயர்களில் தொடங்கும் பட்டங்களில், எது பழைய எந்தப் பட்டத்துக்குச் சமமானது என்பதை அரசு ஆராய்ந்து அரசாணையாக வெளியிட்டால்தான், பழைய பட்டத்தைக் குறிப்பிடும் பணிவிதியின்கீழ் புதிய பட்டதாரி விண்ணப்பிக்க முடியும். தொலைநிலைக் கல்வியில் பயில்வோர், பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் முடித்த பின்னரே பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்ற வரிசை விதியை அறிந்திருப்பதும் இன்றியமையாதது.

மாவட்டத்தின் நிலமும் தொழிலும்

படிப்பைத் தேரும்போது நோக்கவேண்டிய மற்றொன்று, மாவட்டத்தின் பொருளாதாரம். அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஐந்து ஒன்றியங்கள் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் சேர்க்கப்பட்டு, உருக்காலை, தோல் பதனிடுதல், எண்ணெய் எரிவாயு எடுத்தல் போன்ற தொழில்கள் அங்கே தடைசெய்யப்பட்டிருப்பதால், அப்பகுதிகளில் வளர மிகுதியான இடமுள்ளவை வேளாண்மையும் அதைச் சார்ந்த பதப்படுத்தும் தொழில்களும். குடுமியான்மலையில் 2014இல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரியும், தன் பெயரைத் தாங்கிய உளுந்து இரகங்களால் உழவர்கள் அறிந்த வம்பன் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையமும் இம்மாவட்டத்தில்தான் உள்ளன. வேளாண்மைப் பட்டத்துக்கென்று வேளாண்மை அலுவலர் பணியும், இரண்டாண்டு வேளாண்மைப் பட்டயத்துக்கென்று உதவி வேளாண்மை அலுவலர் பணியும் ஒதுக்கப்பட்டிருப்பதால், இப்படிப்புகளின் பெயரும் பணிவிதியும் ஒன்றோடொன்று நேராகப் பொருந்துகின்றன.

மாவட்டத்தின் வடக்கே, திருச்சி பெல் நிறுவனத்தைச் சார்ந்து வளர்ந்த மாத்தூர் தொழிற்பேட்டையும் விராலிமலைப் பகுதியின் தொழிற்சாலைகளும் வெல்டர், பிட்டர், எலக்ட்ரீஷியன் போன்ற கைத்தொழில் வல்லுநர்களைத் தேடுகின்றன. பத்தாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு பயின்றவர் பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்பதும், பட்டயம் முடித்தவர் பொறியியல் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்பதும் பல பெற்றோர் கவனத்துக்கு வராமலே போகின்றன. அறந்தாங்கியில் அரசு பாலிடெக்னிக்கும் புதுக்கோட்டையில் அரசு ஐ.டி.ஐ.யும் இருக்க, மதிப்பெண் குறைந்தவர்கள் போகும் இடம் என்று அவற்றைத் தாழ்வாகக் கருதுவது, பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி. ஒவ்வொரு படியிலும் வேலைக்குப் போகவும் பின்னர் படிப்பைத் தொடரவும் இடந்தரும் இவ்வழி, வருவாய் நிலையற்ற குடும்பங்களுக்கு மிகவும் ஏற்றது.

இதனால் தமிழோ வரலாறோ படிப்பது வீண் என்றாகாது. குரூப் 1, குரூப் 2 தேர்வுகளின் பெரும்பாலான பணிகளுக்கும் குடிமைப் பணித் தேர்வுக்கும் ஏதேனும் ஒரு பட்டம் போதும். பள்ளி முதல் பட்டம்வரை தமிழ்வழியில் பயின்றோருக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை சட்டத்தால் உறுதிசெய்யப்பட்டுள்ளது. விரும்பிய பாடத்தை ஊன்றிக் கற்றவரின் மொழித்திறனும் சிந்தனைத் தெளிவும், விருப்பமின்றிச் சந்தை மதிப்புக்காகச் சேர்ந்து அரியர் சுமந்து வெளியேறுபவரிடம் அமைவதில்லை. விருப்பம் முதன்மையானது, அவ்விருப்பம் எங்கே கொண்டுசேர்க்கும் என்ற அறிவும் அதனோடு வேண்டும்.

செய்ய வேண்டியது

அரசுப் பள்ளிகளிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவியருக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்க்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது; நான் முதல்வன் திட்டம் திறன்பயிற்சி தருகிறது. கல்லூரிக்குள் வருவதற்கு அரசு இவ்வளவு செலவிடும்போது, கல்லூரியிலிருந்து வெளியேறும் வழியைக் காட்டும் எளிய பணியையும் அது செய்ய வேண்டும். ஒவ்வொரு கல்லூரியும் தன் விண்ணப்பப் படிவத்தோடு, ஒவ்வொரு பட்டமும் எந்தெந்தப் பணிகளுக்கு விதிப்படி தகுதியாகிறது, எவற்றுக்குக் கூடுதல் படிப்பு தேவை, இணைத்தன்மை அரசாணை உள்ளதா என்பவற்றைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு வழங்குமாறு உயர்கல்வித் துறை ஆணையிட வேண்டும். அதுவரை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் தேர்வாணையத்தின் சென்ற ஆண்டு அறிவிக்கைகளில் உள்ள கல்வித் தகுதிப் பகுதியை மாணவர்களோடு அமர்ந்து படித்துக்காட்டட்டும். பெற்றோர், சேர்க்கைக் கட்டணம் செலுத்துவதற்கு முன், அப்பட்டத்தின் முழுப் பெயர் எந்தப் பணிவிதியில் இடம்பெற்றிருக்கிறது என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் விடை பெறட்டும்.