பிள்ளைகளின் இயற்கணிதமும் பெற்றோர் கடமையும்

ஜூன் திங்களில் பள்ளிகள் திறந்துவிட்டால், நம்மவர் இல்லங்களில் மாலை வேளைதோறும் ஒரு கவலை குடிபுகுவது வழக்கம். அதுவரை கூட்டலும் பெருக்கலும் தடையின்றிச் செய்துவந்த சிறுவனோ சிறுமியோ, கணக்குப் புத்தகத்தில் எண்ணுக்குப் பதிலாக எழுத்தைக் கண்டவுடன் திகைத்து நிற்பதைப் பெற்றோர் காண்கின்றனர். உதவலாம் என்று அருகில் அமர்ந்தாலோ, வேறொரு தடை குறுக்கிடுகின்றது. தாம் தமிழ்வழிப் பள்ளியில் சமன்பாடு என்று கற்றதைப் பிள்ளையின் புத்தகம் சமவாக்கியம் என்கின்றது. குறை எண் அங்கே நியூன சங்கியை ஆகின்றது. இயற்கணிதமே பீஜகணிதம் என்று பெயர் பூண்டு நிற்கின்றது. ஆங்கிலவழிப் புத்தகமாயின் அல்ஜீப்ரா, ஈக்வேஷன் என்று வேறு பெயர்கள். இது நம்மால் ஆகாது என்று தாயோ தந்தையோ எழுந்துவிட, பிள்ளை தனியே தவிக்கின்றது.

இத்தயக்கம் தேவையற்றது என்பதே நாம் வலியுறுத்த விரும்புவது. பெயர்கள் மாறினும் பொருள் மாறுவதில்லை. முதலாண்டு இயற்கணிதத்தின் அடிப்படைகள் மிகச் சிலவே. அவற்றை ஒருமுறை நினைவூட்டிக்கொண்டால், திருவனந்தபுரத்தில் வாழும் எந்தத் தமிழ்க் குடும்பத்தாரும் பிள்ளைக்குத் துணை நிற்கலாம்.

எழுத்தின் இரு பணிகள்

முதற்கண் தெளிய வேண்டுவது, எழுத்து எதற்காக வருகின்றது என்பது. அதற்கு இரண்டு பணிகள் உண்டு. ஒன்று, நமக்கு இன்னும் தெரியாத ஓர் எண்ணுக்குப் பெயராக நிற்பது. மற்றொன்று, எந்த எண்ணுக்கும் பொதுப் பெயராக நிற்பது. இவ்விரண்டையும் பிரித்தறியாமையே பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம் எனலாம். 1150-ஆம் ஆண்டில் பீஜகணிதம் என்னும் நூலை இயற்றிய பாஸ்கராசாரியர், தெரியாத எண்களைக் காளகம், நீலகம், பீதகம் என நிறங்களின் பெயரால் குறித்தார். இன்றைய புத்தகங்கள் எக்ஸ், ஒய் என்கின்றன. ஈண்டு நாம் அ, க என்றே எழுதுவோம். பெயர் எதுவாயினும் கணக்கு ஒன்றே.

முதற் பணிக்கு ஓர் எடுத்துக்காட்டு. சாலைக் கடைத்தெருவில் 5 தேங்காயும், 40 ரூபாய்க்கு ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கினோம். மொத்தம் 190 ரூபாய் ஆயிற்று. தேங்காய் ஒன்றின் விலை என்ன? அவ்விலையை அ என்போமாயின், 5அ + 40 = 190 என்பது சமன்பாடு. இதனைத் தராசாகக் கருதுக. இரு தட்டுகளிலும் ஒரே அளவை எடுத்தால் முள் அசையாது. இரு பக்கமும் 40 கழிக்க, 5அ = 150. இரு பக்கமும் 5 ஆல் வகுக்க, அ = 30. அந்தப் பக்கம் கொண்டுபோனால் குறி மாறும் என்று பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வர். உண்மையில் எதுவும் பக்கம் தாண்டுவதில்லை. இரு பக்கமும் ஒரே செயலைச் செய்கின்றோம், அவ்வளவே. இதனை உணர்ந்த பிள்ளை வகுத்தல் வருமிடத்திலும் தடுமாறாது.

தெரியாதவை இரண்டாயின், செய்திகளும் இரண்டு வேண்டும். மூன்று தேநீரும் இரண்டு வடையும் 56 ரூபாய். ஒரு தேநீரும் இரண்டு வடையும் 32 ரூபாய் என்க. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் வடை மறைந்துவிடும். இரண்டு தேநீர் 24 ரூபாய், ஆகவே ஒரு தேநீர் 12 ரூபாய், வடை 10 ரூபாய். இரண்டில் ஒன்றை மறையச் செய்வதே இம்முறையின் உயிர்நிலை.

கடனும் குறை எண்ணும்

அடுத்துப் பிள்ளைகளை அச்சுறுத்துவது குறை எண். 628-ஆம் ஆண்டில் பிரமகுப்தர் இவ்வெண்களுக்கு விதிகள் வகுத்தபோது, மிகையைத் தனம் என்றும் குறையை ருணம், அதாவது கடன் என்றும் வழங்கினார். கடன் என்று கூறின் நம் இல்லங்களில் எவர்க்கும் விளக்கம் தேவையில்லை அன்றோ? கையில் 5 ரூபாயும் கடன் 8 ரூபாயும் இருந்தால் நிலை −3. குறையைக் குறையால் பெருக்கினால் மிகை வருவது ஏன் என்னும் வினாவுக்கும் இதுவே வழி. ஒவ்வொன்றும் 3 ரூபாயான கடன்களில் இரண்டினைத் தள்ளுபடி செய்துவிட்டால், நம் நிலை 6 ரூபாய் உயர்கின்றது. கடன் −3, இரண்டினை நீக்குதல் −2, விளைவு +6.

இதே கருத்து அடைப்புக்குறியிலும் உதவும். 10 − (அ − 3) என்பதை 10 − அ − 3 என்று எழுதுவது பிள்ளைகள் அடிக்கடி செய்யும் பிழை. அடைப்புக்கு முன்னுள்ள கழித்தற்குறி உள்ளே இருக்கும் ஒவ்வோர் உறுப்பையும் தாக்கும். ஆகவே விடை 10 − அ + 3, அதாவது 13 − அ.

எல்லா எண்ணுக்கும் பொருந்தும் கூற்று

இனி எழுத்தின் இரண்டாம் பணி. (அ + க)² = அ² + 2அக + க² என்பதில் நாம் எதனையும் தேடவில்லை; எவ்விரண்டு எண்களை இட்டாலும் இது மெய் என்று கூறுகின்றோம். இதனைத் தமிழில் முற்றொருமை என்பர். இவ்வுண்மையை விளக்கிய ஒரு பெருநூல் நாம் குடிவந்த இக்கேரள நாட்டிலேயே தோன்றியது என்பது நம் பிள்ளைகள் அறியத்தக்கது. ஏறத்தாழ 1530-ஆம் ஆண்டளவில் சேஷ்டதேவர் இயற்றிய யுக்திபாஷை, வடமொழியில் அன்றி மலையாள உரைநடையில் கணித உண்மைகளுக்குக் காரணங்காட்டி விளக்குகின்றது. வர்க்கத்தை அது பரப்பளவாகக் காண்கின்றது. அ + க நீளமுள்ள பக்கங்களையுடைய ஒரு சதுரத்தை வரைந்து, ஒவ்வொரு பக்கத்தையும் அ, க என இரு துண்டாக்கிக் கோடிட்டால், ஒரு பெரிய சதுரம், ஒரு சிறிய சதுரம், இரண்டு நீள்சதுரங்கள் என நான்கு பகுதிகள் கிடைக்கும். அந்த இரண்டு நீள்சதுரங்களே 2அக. கோலமிடும் கைகளுக்கு இப்படம் எளிது. வர்க்கம் என்னும் சொல் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவாய் அமைந்திருப்பதும் நமக்கு வாய்ப்பே.

இதன் பயன் மனக்கணக்கில் உடனே விளங்கும். 103² என்பது 10000 + 600 + 9 = 10609. அவ்வாறே, (அ + க)(அ − க) = அ² − க² என்பதால், 102 × 98 என்பது 10000 − 4 = 9996.

பிள்ளையின் விடை சரியோ எனப் பெற்றோர் அறிய ஓர் எளிய வழி உண்டு: எழுத்துக்குப் பதில் ஓர் எண்ணை இட்டுப் பார்ப்பது. 3அ + 2 என்பதைப் பிள்ளை 5அ என்று எழுதினால், அ = 4 என இடுக. முன்னது 14, பின்னது 20. பிழை வெளிப்பட்டுவிடும். ஆயின் 1 என்னும் எண்ணை இட்டுச் சோதித்தலாகாது. ஏனெனில் இங்கே 1 இட்டால் இரண்டும் 5 ஆகி நம்மை ஏமாற்றிவிடும். ஓர் எண்ணுக்குப் பொருந்துவதனால் மட்டும் எல்லா எண்ணுக்கும் பொருந்தும் என்று முடிவு செய்தல் கூடாது என்னும் பெரிய பாடமும் இதனால் கிட்டுகின்றது.

நம் நகரில் பயின்ற ஒரு தமிழர்

எல்லா எண்ணுக்கும் பொருந்தும் கூற்றுகளை நாடியே தம் வாழ்நாளைச் செலவிட்ட தமிழர் ஒருவர் இந்நகரில் கல்வி பயின்றவர். குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901-ஆம் ஆண்டு பிறந்த சு. சி. பிள்ளை, அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த செங்கோட்டையிலும், பின்னர் நாகர்கோவிலிலும் பயின்று, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். அக்கல்லூரியே இன்றைய யூனிவர்சிட்டி கல்லூரி. எந்த எண்ணையும் நான்குக்கு மேற்படாத வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்று 1770-ஆம் ஆண்டில் லெக்ராஞ்சு என்பார் நிறுவியிருந்தார். ஆறாம் அடுக்குகளை எடுத்துக்கொண்டால் 73 போதும் என்பதை 1940-ஆம் ஆண்டில் நிறுவியவர் பிள்ளை. 1950-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அமெரிக்கா செல்லும் வழியில், கெய்ரோ அருகே நேர்ந்த விமான விபத்தில் அவர் உயிர் நீத்தது கணித உலகுக்கு நேர்ந்த பேரிழப்பு.

நம் பிள்ளைகள் யாவரும் கணித மேதையாக வேண்டும் என்பதில்லை. எனினும், எழுத்தைக் கண்டு அஞ்சி இவ்வாண்டே கணக்கைக் கைவிடும் பிள்ளைக்குப் பொறியியல், கணக்கியல், அறிவியல் முதலிய பல துறைகளின் வாயில் குறுகிவிடும். ஆதலின் நாள்தோறும் கால்மணி நேரமேனும் பெற்றோர் உடனிருத்தல் வேண்டும். இங்கே இவ்வெழுத்து எதனைக் குறிக்கின்றது என்று முதலில் கேளுங்கள். இரு பக்கமும் என்ன செய்தாய் என்று அடுத்துக் கேளுங்கள். விடையை இட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பிள்ளை சமவாக்கியம் என்றால், அதுவே நம் சமன்பாடு என்று எடுத்துக் கூறுங்கள். இரு மொழியிலும் ஒரு பொருளை அறிந்த பிள்ளைக்கு அப்பொருள் இருமடங்கு உறுதியாகும். நம் வீட்டுத் தமிழும் அதனோடு வளரும்.